ஆமை வண்டியின் சீழ்க்கை

ஒரு மகிழுந்தின் பின்புறக் கீழ்த்தகட்டில் இரண்டு அரைவட்ட வெட்டுகள். அவற்றின் வழியே குரோமியப் பூச்சு மின்னும் இரண்டு சிறு குழாய்கள் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்க்கவில்லை. பதிலாக, நடுவில், முழங்கை நீளத்திற்கு ஒற்றைக் குழாய் ஒன்று பீரங்கி வாயைப்போல் நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னர், ஈப்போவுக்கு அருகில் ஒரு வீட்டின் பின்புறம், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்த 1966ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டிலை நான் முதன்முதலாகப் பார்த்தபோது என் கண்ணை உறுத்தியது அதன் துரு அன்று. எலி கடித்த இருக்கைகளும் அல்ல. வெறுமையாகக் கிடந்த அந்த இரண்டு வெட்டுகளே.

இவ்வண்டிக்கு மலாயில் 'குரா' என்று செல்லப்பெயர் உண்டு. ஆமை என்பது பொருள். நாங்களும் சிறுவயதில் ஆமை வண்டி என்றே சொல்வோம். நான் படித்த தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியர் அப்படியொரு வண்டியை வைத்திருந்தார். செம்மண் சாலையின் வளைவில் வண்டி தெரிவதற்கு முன்பே அதன் ஒலி வந்துவிடும். இயந்திரத்தின் தடதடப்பு ஒரு பக்கம். அதன்மேல் மெல்லியதாக ஒரு சீழ்க்கை. நாங்கள் இருக்கைக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தைத் தலைகீழாகவாவது பிரித்து வைத்துக்கொள்ள அந்த ஒலி தந்த அவகாசம் போதுமானதாக இருந்தது.

அந்தச் சீழ்க்கை எங்கிருந்து பிறந்தது என்பதை அறிந்துகொள்ள எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு சிறு குழாய்களிலிருந்துதான் பிறந்தது. ஒவ்வொரு குழாயின் உள்ளேயும் துளையிட்ட வேறொரு குழாய் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒலியை உறிஞ்சும் பொதி. புகை அதனூடே விரைந்து வெளியேறும்போது எழும் ஓசை அது. 1955ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து பீட்டில் வண்டிகள் இந்த இரட்டைக் குழாயுடன் வெளிவந்தன. அந்த வண்டியின் குரலே அதுதான் என்று ஆகிப்போனது.

பழைய மகிழுந்துகளைப் புதுப்பிக்கும் அன்பர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அவர்களுள் உண்டு. சரியான வண்ணத்தைத் தேடி மாதக்கணக்கில் அலைவார்கள். திசைமாற்றியின் நடுவிலுள்ள சின்னம் அந்த ஆண்டுக்குரியதுதானா என்று தேநீர்க் கடையில் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். புகைபோக்கி என்று வந்தவுடன் இந்தக் கவனமெல்லாம் எங்கோ போய்விடுகிறது. "கீழே கிடப்பதுதானே, யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?" என்கிறார்கள். அல்லது, "போடுவதுதான் போடுகிறோம், கொஞ்சம் கம்பீரமாகக் கேட்கட்டுமே" என்கிறார்கள். பட்டறைகளில் எக்சோஸ் என்று வழங்கப்படும் இந்தப் புகைபோக்கி, ஆலையில் எப்படிப் பொருத்தப்பட்டதோ அப்படியே பொருத்தப்பட வேண்டும் என்பது என் கருத்து. வெறும் பழமைப் பற்றினால் இப்படிச் சொல்லவில்லை. பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதைக் கழற்றி எறியும் பழக்கம் எனக்கு அச்சமூட்டுகிறது. அதனால் சொல்கிறேன்.

வண்டியைப் புதுப்பித்தவர் என்னிடம் படித்த மாணவர். இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். தகர வேலையும் வண்ணப் பூச்சும் முடிந்து, இயந்திரம் மேசைமேல் பளபளப்பாக உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை காலையில் பேச்சு புகைபோக்கிக்குத் திரும்பியது. நான்கு குழாய்களும் ஒன்றாகச் சேரும் எக்ஸ்ட்ராக்டர் எனப்படும் புகைபோக்கியையே மீண்டும் மாட்டிவிடலாம் என்றார் அவர். முன்னிருந்த உரிமையாளர் போட்டதும் அதுதான்.

"ஹீட்டர் பாக்ஸ் போடணும்கிறீங்களே சார், நம்ம ஊர்ல எதுக்கு ஹீட்டர்? ஈப்போவில பனி கொட்டுதா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரங்கள் தேவைப்பட்டன. எங்கெங்கோ தேடிப் படித்துக்கொண்டு போய்த்தான் சொன்னேன். அதையே இங்கும் சொல்கிறேன்.

பீட்டிலின் இயந்திரம் பின்புறம் இருக்கிறது. குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, காற்றுதான். நான்கு உருளைகள் பக்கத்திற்கு இரண்டாகப் படுத்திருக்கும். வண்டியின் வால் பக்கமாக உள்ள இரண்டு உருளைகளின் புகை நேரே சைலன்சருக்குள் போகிறது. முன்பக்க உருளைகள் இரண்டின் புகையும் ஆளுக்கொரு ஹீட்டர் பாக்ஸின் உட்குழாய் வழியாகச் சென்று அதே சைலன்சரை அடைகிறது. அந்த உட்குழாயைச் சுற்றி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் செதில்கள் உள்ளன. வெளியே தகர உறை. இயந்திரத்தின் காற்றாடி ஊதும் காற்றில் ஒரு பங்கு இந்த உறைக்குள் புகுந்து, சூடாகி, ஓட்டுநர் விரும்பினால் வண்டிக்குள் வரும். விரும்பாவிட்டால் வெளியே போய்விடும். குளிர்நாட்டுக்காரனுக்குக் கால் சூடு. சரி, நமக்கு?

காற்றாடிக் கூட்டிலிருந்து ஹீட்டர் பாக்ஸுக்குச் செல்லும் வாய்கள் இரண்டு. ஹீட்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு வெறும் வளைகுழாயைப் போடுகிறவர்களில் பலர் அந்த வாய்களை அடைக்க மறந்துவிடுகிறார்கள். உருளைகளைக் குளிர்விக்க வேண்டிய காற்று அவற்றின் வழியே வீணாக வெளியேறுகிறது. இன்னொன்றும் உண்டு. பீட்டிலின் இயந்திர அறை கீழ்ப்புறத்திலிருந்து தகடுகளாலும் ரப்பர் பட்டைகளாலும் அடைக்கப்பட்டிருக்கும். கீழே இருப்பது புகைபோக்கியின் அனல். மேலே இருப்பது காற்றாடி உறிஞ்ச வேண்டிய குளிர்ந்த காற்று. இரண்டும் கலக்கவே கூடாது. வேறு புகைபோக்கிகளை மாட்டும்போது பழைய குழாய்கள் நுழைந்த துளைகள் திறந்தே விடப்படுகின்றன. இடிக்கிறது என்று தகடுகளை வெட்டியும் விடுகிறார்கள். பிறகு காற்றாடி, கீழிருந்து ஏறிவரும் தன் சொந்த அனலையே உறிஞ்சி இயந்திரத்தின்மேல் ஊதுகிறது. பனி கொட்டும் ஊரில் இதைத் தாங்கிக்கொள்ளலாம். நண்பகலில், நெரிசலில், நமது வெயிலில்? என் வண்டியின் பழைய தகட்டில் அப்படி இரண்டு துளைகள் திறந்து கிடந்தன. இயந்திரத்தைப் பிரித்தபோது உருளைத் தலை ஒன்றில் வெடிப்பு இருந்தது. துளைகளால்தான் வெடித்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் துளைகள் இருந்தன, வெடிப்பும் இருந்தது.

மேலும் ஒரு சிறு குழாய். அதைப்பற்றிப் பேசுவோர் குறைவு. ஆலைச் சைலன்சரின் இரு புறத்திலிருந்தும் விரல் பருமனுள்ள குழாய் ஒன்று கிளம்பி, கார்புரேட்டருக்கு அடியில் உள்ள உறிஞ்சுகுழாயை ஒட்டிச் செல்கிறது. சூடான புகை அதனூடே ஓடும். எண்ணெய் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கையில் சாராயம் பட்டால் சில்லென்று இருப்பது இதனால்தான். கார்புரேட்டருக்குள் இப்படி 20 பாகைக்கும் மேல் வெப்பம் இறங்கக்கூடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், வெளியே உறைபனி இல்லாவிட்டாலும், உள்ளே நீர் உறைந்து பனிக்கட்டியாகப் படியும். வெப்பமண்டல நாட்டில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி என்றால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை.

எக்ஸ்ட்ராக்டர் மாட்டிய நண்பர் ஒருவர், சிறு குழாய்க்கான இணைப்பைத் தகடு வைத்து அடைத்துவிட்டிருந்தார். தாப்பாவிலிருந்து பழைய சாலை வழியாகக் கேமரன் மலைக்கு இருவரும் அவர் வண்டியில் போனோம். தானா ராத்தா ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. விடியற்காலை மூடுபனி. ஏற்றத்தில் வண்டி இருமியது. முச்சந்தியில் நிறுத்தியபோது அணைந்தது. மூடியைத் திறந்து பார்த்தால், உறிஞ்சுகுழாயின் வெளிப்புறத்தில் வெண்பூப்போல் உறைபனி! ஐந்து நிமிடம் நின்றோம். இயந்திரச் சூட்டில் அது உருகியது. வண்டி மீண்டும் கிளம்பியது. நண்பர் இதற்காக அதுவரை மூன்று முறை கார்புரேட்டரை மாற்றியிருக்கிறார். பாவம், கார்புரேட்டர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

எக்ஸ்ட்ராக்டர் போட்டால் வேகம் கூடும் என்கிறார்கள். என் வண்டியின் 1300 இயந்திரத்தின் கொள்ளளவு 1,285 கன செண்டிமீட்டர். ஆலை சொன்ன வலு 40 குதிரைத்திறன். அதன் உச்ச வேகமே மணிக்கு 120 கிலோமீட்டர்தான். கார்புரேட்டர் முதலான மற்ற எதையும் மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால் கூடுவது பெரும்பாலும் சத்தமே. சத்தம் கூடியதை வேகம் கூடியதாக எண்ணிக்கொள்கிறார்கள். வகுப்பறையிலும் இதைக் கண்டிருக்கிறேன். உரக்கச் சொல்லும் விடை சரியான விடையாகத் தோன்றும்.

ஆனால், 'ஆலையில் இருந்தபடி' என்று சொல்வதற்குமுன் ஆலையில் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? வெப்ப நாடுகளில் ஹீட்டர் இல்லாமலே ஓடிய பீட்டில்களும் உண்டு. பிரேசில் நாட்டில் தயாரானவற்றில் அது வழக்கம். என் வண்டி எந்த வகை? வண்டியே சாட்சி சொன்னது. கைத்தடுப்பின் இரு பக்கமும் இரண்டு சிறு நெம்புகோல்கள் இருந்தன. ஹீட்டரைத் திறப்பதற்கும், சூட்டைப் பின்னிருக்கைக்கு அனுப்புவதற்கும் உரியவை அவை. கால்வைக்கும் இடத்தில் காற்று வரும் வாய்களும் இருந்தன. போதாது என்று ஜெர்மனியின் உல்ஃப்ஸ்பர்க் நகரிலுள்ள வோக்ஸ்வேகன் அருங்காட்சியகத்திற்கு அடிச்சட்ட எண்ணை எழுதி அனுப்பினேன். பழைய பதிவேடுகளைப் பார்த்து, வண்டி எந்நாளில் உருவானது, என்ன வண்ணம், எந்நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் என்றே அதற்குப் பெயர். ஹீட்டர் நீக்கப்பட்டதாக அதில் எந்தக் குறிப்பும் இல்லை. நம்மில் சிலருடைய பிறப்புப் பத்திரத்தைவிட அது தெளிவாக இருந்தது என்பது வேறு கதை.

இனி, நான் தவறிய இடத்தையும் சொல்லிவிட வேண்டும்.

அதே ஆண்டுக்குரிய அசல் ஹீட்டர் பாக்ஸ் ஒரு சோடி பினாங்கில் கிடைத்தது. ஜெர்மானிய முத்திரை அழியாமல் இருந்தது. புதிதாகச் செய்யப்படும் நகலைவிட விலை அதிகம். ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்கி, பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். என் மாணவர் ஒன்றும் பேசவில்லை. உட்குழாயின் ஒரு முனையை ரப்பர் அடைப்பானால் அடைத்தார். மறுமுனை வழியாகத் தண்ணீர் ஊற்றினார். சற்று நேரத்தில், வண்டிக்குள் சூடான காற்றைக் கொண்டுசெல்ல வேண்டிய வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"சார், இது தண்ணி. புகையா இருந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது."

பெற்றோர்களும் ஆசிரியர்களும் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. துருப்பிடித்து ஓட்டை விழுந்த ஹீட்டர் பாக்ஸ் அந்த நச்சை நேரே பயணிகளிடம் கொண்டுவந்து சேர்க்கும். நெம்புகோலை மூடி வைத்திருக்கிறேன் என்று இருந்துவிட முடியாது. பழைய மூடிகள் முழுமையாக அடைவதில்லை. தலைவலி, மயக்கம், தூக்கம் என்று தொடங்குவது உயிரையே எடுத்துவிடும். பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்கிப் போனால் அது பயணக் களைப்பு என்றுதான் நாம் நினைப்போம்.

அசல் என்ற ஒரே காரணத்திற்காக அந்தச் சோடியை மாட்டியிருந்தால் நான் எத்தகைய ஆசிரியன்? புதிதாகச் செய்த நகல்களையே வாங்கினேன். அமைப்பும் அளவும் வேலையும் ஆலையில் இருந்தபடியே உள்ளன. முத்திரை மட்டும் இல்லை. கேஸ்கட்டுகள் செய்தியிலும் ஆலையை நான் பின்பற்றவில்லை. அக்காலத்துக் கேஸ்கட்டுகளிலும் அடைப்பு வளையங்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டிவிட்டுக் காற்றுக்குழாயால் 'புஸ்' என்று ஊதித் தள்ளும் பிள்ளைகளைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயதுதான் இருக்கும். நனைத்துத் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை பட்டறையில் வேலை கற்கிறான் என்றால் அவன் முதலாளியிடம் போய் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

வீணாய்ப்போன அசல் சோடியை நான் எறியவில்லை. ஒன்றை நீளவாக்கில் அறுத்துத் தரும்படி மாணவரிடம் கேட்டேன். அறுத்து, முனைகளைத் தேய்த்துக் கொடுத்தார். அது இப்போது எங்கள் பள்ளி அறிவியல் அறையில் இருக்கிறது. செதில்கள் ஏன் இத்தனை, வெப்பம் எப்படிக் குழாயிலிருந்து காற்றுக்குப் போகிறது, இரும்பு எந்த இடத்தில் முதலில் துருப்பிடித்தது என்றெல்லாம் பிள்ளைகள் விரல் வைத்துப் பார்க்கிறார்கள். எந்தப் பயிற்றுநூலும் இதைச் செய்யாது.

துரு என்றதும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் நினைவுக்கு வருகிறது. 'மழை நாட்டில் சாதாரண எஃகு எத்தனை நாளைக்கு?' என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் புகைபோக்கியைத் தின்பது பெரும்பாலும் வானத்து மழை இல்லை. ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. சைலன்சர் நன்கு சூடேறினால் அந்த ஆவி வெளியே போய்விடும். சூடேறாவிட்டால் உள்ளேயே குளிர்ந்து நீராகத் தேங்கும். புதுப்பித்த வண்டியை வாரம் ஒருமுறை கிளப்பி, ஐந்து நிமிடம் உறுமவிட்டு, துணி போர்த்தி மூடுகிறோமே, அதுதான் சைலன்சரைக் கொல்லும் வழி. ஓட்டினால் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லையேல் கிளப்பாதீர்கள். எஃகுக் குழாயின் ஒலியும் எனக்கு ஒத்துவரவில்லை. தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் இருக்கிறது. இது என் காதின் தீர்ப்பு; உங்கள் காது வேறாக இருக்கலாம். உள்ளிருந்து அரிப்பதைத் தடுக்க வழியில்லை என்பதால், வெளிப்புறத்திற்கு மட்டும் வெப்பம் தாங்கும் கறுப்பு வண்ணம் பூசினோம். அத்துடன் சரி.

உதிரிப்பாகம் கிடைக்காது என்ற சாக்கு இந்த வண்டிக்குப் பொருந்தாது. 2003ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து கடைசிப் பீட்டில் வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 2,15,29,464. இத்தனை வண்டிகள் ஓடிய உலகில் சைலன்சரும் வால்குழாயும் இன்றும் செய்கிறார்கள், விற்கிறார்கள். தரத்தில்தான் ஏற்றத்தாழ்வு. மலிவானவற்றில் குழாய்கள் இரண்டும் கீழ்த்தகட்டு வெட்டுகளின் நடுவே வந்து நிற்காது. ஒன்று இடிக்கும், மற்றொன்று தொங்கும். வாங்கும்முன் பழையதன்மேல் வைத்து அளந்து பாருங்கள்.

பொருத்திய நாளைப் பற்றி நிறையச் சொல்லலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். உருளைத் தலையில் புகைவாய் நான்கு. வாய்க்கு இரண்டு ஸ்டட் வீதம் எட்டு. ஐம்பது ஆண்டு அனலில் வெந்து, துருவோடு ஒன்றிப்போனவை. பழையதைக் கழற்றும்போது அவசரப்பட்டு முறுக்கினால் ஸ்டட் முறிந்து உள்ளேயே நின்றுவிடும். மூன்று நாள் எண்ணெயில் ஊறவிட்டு, சூடு காட்டி, சற்றுத் தளர்த்திச் சற்று இறுக்கி, மீண்டும் தளர்த்தி எடுத்தார் மாணவர். ஏழு வந்தன. எட்டாவது முறிந்தது. அதை நான்தான் முறுக்கினேன். நான் கெஞ்சிக் கேட்டதால் அவர் சாவியை என் கையில் கொடுத்திருந்தார். அலுமினியத் தலைக்குள் நின்ற அந்தத் துண்டைத் துளையிட்டெடுத்து, புது மரை வைக்க அரைநாள் ஆயிற்று. அவர் ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. மூன்றாம் ஆண்டில் வாய்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் நின்ற அதே பையனிடம் நான் என்னென்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கும் நினைவிருக்கும்.

மாட்டும்போது எதையும் முதலிலேயே இறுக்கவில்லை. ஹீட்டர் பாக்ஸ் இரண்டையும் தளர்வாகத் தொங்கவிட்டு, சைலன்சரை ஏற்றி, கவ்விகளை மாட்டி, சிறு குழாயின் இணைப்பையும் சேர்த்து, தகடுகள் எல்லாம் இடிக்காமல் உட்கார்ந்த பிறகே ஒவ்வொரு நட்டாகச் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினார். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மற்றவை கோணிக்கொள்ளும், கசியும். முதல் சூட்டுக்குப் பிறகு மறுபடியும் இறுக்க வேண்டும். வரிசை தெரிந்த கை. இந்தக் கைக்குத் தேர்வுத்தாளில் நாம் என்ன புள்ளி கொடுத்தோம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கிளப்பினோம். தொடக்கத்தில் வண்ணம் வேகும் புகை. பிறகு தடதடப்பு. சாலைக்கு எடுத்துச் சென்று மூன்றாவது கியரில் மெல்ல மிதித்தபோது அதன்மேல் அந்தச் சீழ்க்கை ஏறியது. நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். என்னவோ ஏதோ என்று மாணவர் பதறி இறங்கினார். ஒன்றுமில்லை, புத்தகத்தைப் பிரித்து வைத்திருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி உண்டு. எங்கள் பள்ளிக்கு முன்னால் உள்ள சாலையில் சத்தக்குழாய் மாட்டிய மோட்டார் சைக்கிள்கள் நாள்தோறும் போகின்றன. வாசிப்புத் தேர்வு நடத்தும்போது ஒரு பிள்ளை வாக்கியத்தின் நடுவில் நிறுத்திக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவ்வண்டிகளில் சிலவற்றை ஓட்டுகிறவர்கள் எங்கள் முன்னாள் மாணவர்கள். குழாய் வாங்கப் பணம் கொடுத்தவர்கள் அவர்களின் பெற்றோர்கள். ஒரு தந்தையிடம் கேட்டேன். "சத்தம் இருந்தால்தானே சார் லாரிக்காரனுக்கு இவன் வருவது தெரியும்?" என்றார். பிள்ளையின் உயிர்மீதுள்ள அக்கறையில் சொன்ன சொல், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. முன்னால் போகும் லாரிக்காரனுக்குக் கேட்பதைவிடப் பின்னால் விட்டுச்சென்ற தாமானுக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும்தான் அதிகம் கேட்கிறது. விளக்கும் வெளிர்நிற மேலங்கியும் அவனைக் காட்டும். வாகன ஒலிக்கு வரம்பு விதிக்கும் சட்ட விதிகள் 1987ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் வந்துவிட்டன. சட்டம் கிடக்கட்டும். சைலன்சர் என்ற சொல்லின் பொருளை அந்தப் பிள்ளை ஒருநாளாவது எண்ணிப் பார்த்திருப்பானா? அதைக் கழற்றிக் கையில் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று காட்டியவர் எவரேனும் உண்டா? நாம் காட்டவில்லை. ஆகவே அவன் அதை வெறும் தடை என்று நினைத்து அறுத்துப் போட்டான்.

விடுமுறையில் பட்டறைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேட்டிருக்கிறேன். 'பட்டறைக்கா?' என்று ஒருவர் முகம் சுளித்தார். அவருடைய மகிழுந்தும் அங்கேதான் பழுதுபார்க்கப்படுகிறது. அழைத்துப்போகத்தான் போகிறேன்.

வண்டியில் ஒரே ஒரு குறை எஞ்சியிருக்கிறது. பின்னால் நின்று பார்த்தால் இடப்பக்க வால்குழாய் தன் வெட்டின் நடுவில் இல்லை. இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. யாருக்கும் தெரியாது சார் என்கிறார் மாணவர். எனக்குத் தெரிகிறதே என்றேன். கவ்வியைத் தளர்த்திச் சரிசெய்ய வரும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை சாவியைத் தர மாட்டாராம்.